டெர்மினலில் பாட்டு: உங்களுக்கான பிளேயரைத் தேர்ந்தெடுத்தல்

நாள் முழுக்க டெர்மினலில் வேலை செய்பவர்களுக்கு, பாட்டை மாற்றுவதற்கு மட்டும் மவுஸைத் தேடிப் போவது பெரிய இடைஞ்சல். நிரல் எழுதுபவர், சர்வர் பார்த்துக்கொள்பவர், விம்மில் மொழிபெயர்ப்பு செய்பவர் என எல்லோருக்கும் இது தெரியும். பாட்டுக்காக பிரவுசரைத் திறந்தால் கவனம் பாட்டோடு நிற்பதில்லை. டெர்மினலில் ஓடும் பிளேயரில் பெரும்பாலும் படமோ விளம்பரமோ பரிந்துரையோ கிடையாது. எழுத்தால் ஆன ஒரு பட்டியல், ஒரு விசைக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். பத்து வருடப் பழைய மடிக்கணினியிலும் அது திணறாமல் ஓடும். எஸ்எஸ்ஹெச் வழியாக அடுத்த அறையில் இருக்கும் கணினியிலும் ஓட்டலாம்.

எந்த பிளேயர் நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வசதிகளின் பட்டியலை ஒப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் பெரிய பயன் இல்லை. எம்பி3, ஓக், ஃபிளாக், ஓபஸ் போன்ற வழக்கமான வடிவங்களை இந்த அத்தியாயத்தில் வரும் பிளேயர்கள் ஏறக்குறைய எல்லாமே பாடிவிடும். வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது. உங்கள் பாட்டுகளை அது எந்த வரிசையில் அடுக்கிக் காட்டுகிறது, டெர்மினலை மூடினால் பாட்டு நிற்குமா, விசைகள் உங்கள் விரலுக்குப் பழகியவையா என்பவைதான் கேள்விகள். இவற்றில் முதல் கேள்விதான் தேர்வைத் தீர்மானிக்கிறது. அதற்கான பதில் உங்கள் பாட்டுக் கோப்புகளுக்குள்ளேயே இருக்கிறது.

பாட்டை எந்தப் பெயரால் தேடுகிறீர்கள்?

கடைசியாக ஒரு பாட்டைக் கேட்க ஆசைப்பட்டபோது அது உங்கள் மனதில் எப்படி வந்தது? படத்தின் பெயராகவா, இசையமைப்பாளரின் பெயராகவா, பாடியவரின் குரலாகவா? அல்லது “அம்மாவுக்குப் பிடித்தவை” என்று நீங்களே பெயர் வைத்த ஒரு ஃபோல்டராகவா? இதற்கு உண்மையான பதிலைச் சொல்லிக்கொண்ட பிறகு மேலே படியுங்கள்.

டெர்மினல் பிளேயர்களில் பெரும்பாலானவை கலைஞர், ஆல்பம், பாட்டு என்ற வரிசையில் கிளை பிரித்துக் காட்டுகின்றன. ஒரு ராக் குழுவின் ஆல்பத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஆல்பம் முழுக்க ஒரே குழு பாடியிருக்கும், பெயரும் ஒன்றுதான். நம் திரைப்பாட்டில் ஆல்பம் என்பது படம். கலைஞர் என்ற இடத்தில் அந்தந்தப் பாட்டைப் பாடியவர்கள் பெயர் இருக்கும். 1992இல் வந்த ‘ரோஜா’வை எடுத்துக்கொள்ளுங்கள். மின்மினி பாடியது ஒன்று, உன்னிமேனனும் சுஜாதாவும் பாடியது ஒன்று, எஸ்.பி.பி.யும் சுஜாதாவும் பாடியது ஒன்று, எஸ்.பி.பி.யும் சித்ராவும் பாடியது ஒன்று, ஹரிஹரன் பாடியது ஒன்று. ஒரே படம் பட்டியலில் ஐந்து இடங்களில் சிதறிக் கிடக்கும். ஏ.ஆர். ரஹ்மான் பெயர் எங்குமே வராது. ஐந்நூறு படங்கள் வைத்திருப்பவர் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, பிளேயர் சரியில்லை என்று அடுத்ததற்குத் தாவுகிறார். அங்கும் அதே குழப்பம்தான் காத்திருக்கிறது.

இதைச் சரிசெய்யும் இடம் டேக். ஒவ்வொரு பாட்டுக் கோப்புக்குள்ளும் தலைப்பு, கலைஞர், ஆல்பம், வருடம் என்று சிறு குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும். அவற்றுள் ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்று தனியாக ஒரு புலம் உண்டு. பல பிளேயர்கள் அந்தப் புலம் நிரம்பியிருந்தால் அதன்படி அடுக்கும், காலியாக இருந்தால்தான் பாடகர் பெயருக்குப் போகும். ஆகவே படப்பாட்டுகள் எல்லாவற்றிலும் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் புலத்தில் இசையமைப்பாளர் பெயரை எழுதிவிடுங்கள். கம்போஸர் என்ற புலத்திலும் அதே பெயரைப் போட்டுவிடுங்கள், பின்னால் உதவும். கலைஞர் புலத்தில் பாடகர்கள் அப்படியே இருக்கட்டும். இப்போது ‘ரோஜா’ ஒரே இடத்தில், ரஹ்மானின் கீழ் வந்து நிற்கும்.

இதைச் செய்ய கிட்3 என்ற செயலி போதும். ஒரு ஃபோல்டரைத் திறந்து, எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து, ஒரு புலத்தில் ஒரு முறை எழுதினால் எல்லாக் கோப்பிலும் பதிந்துவிடும். டெர்மினலிலேயே செய்ய விரும்புகிறவர்களுக்கு பீட்ஸ் என்ற கருவி இருக்கிறது. அது மியூசிக்பிரெயின்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுத் தானே டேக் எழுதும். எதைத் தொடும் முன்னும் பாட்டு ஃபோல்டர் முழுவதையும் இன்னொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள்.

டேக்கைத் திறந்ததும் இன்னும் இரண்டு தொல்லைகள் கண்ணில் படும். இணையத்திலிருந்து இறங்கிய பழைய எம்பி3களில் தலைப்போடு ஏதாவது ஒரு தளத்தின் முகவரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அழித்துவிடுங்கள். அடுத்தது எழுத்துக்கூட்டல். ஆங்கில எழுத்தில் இளையராஜா ஒரு கோப்பில் ‘ரா’வுக்கு ஒரு ‘ஏ’யோடும், இன்னொன்றில் இரண்டு ‘ஏ’யோடும் இருப்பார். எஸ்.பி.பி. சில இடத்தில் மூன்று எழுத்தாகவும் சில இடத்தில் முழுப்பெயராகவும் இருப்பார். கணினிக்கு இவர்கள் எல்லோரும் வேறு வேறு ஆட்கள். ஒரு எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து அதையே எங்கும் போடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ஒரு முறை செய்தால் எந்த பிளேயருக்கு மாறினாலும் கூடவே வரும்.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு விதம். அங்கே கலைஞர் பாடகரேதான், அதனால் கிளை சரியாக வரும். ஆனால் ராகத்துக்கென்று டேக்கில் பொதுவான புலம் எதுவும் இல்லை. ராகத்தின் பெயரை ‘ஜானர்’ புலத்தில் எழுதிவைக்கச் சொல்வேன். ஜானரை வைத்து வடிகட்டும் வசதி பல பிளேயர்களில் உண்டு. மாலையில் உட்கார்ந்து கல்யாணி மட்டும் கேட்கலாம்.

சிமஸ்: பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்

முதன்முதலாக டெர்மினலில் பாட்டுக் கேட்கப் போகிறவருக்கு என் பரிந்துரை சிமஸ். லினக்ஸ் வழங்கல்கள் பெரும்பாலானவற்றில் கிடைக்கிறது. மேக்கில் ஹோம்புரூ வழியாக நிறுவலாம். நிறுவியதும் ஓடும், கட்டமைப்புக் கோப்பு எதையும் எழுதத் தேவையில்லை. திறந்ததும் கோலன் போட்டு, ‘ஆட்’ என்று எழுதி, இடம்விட்டு, பாட்டு ஃபோல்டரின் பாதையைக் கொடுத்தால் பாட்டுகள் வரிசையாக ஏறிவிடும்.

1 முதல் 7 வரையிலான எண் விசைகள் ஏழு பார்வைகளைத் திறக்கும். 1 கலைஞர், ஆல்பம் என்ற கிளை. 2 அதே பாட்டுகள் ஒரே நீளப் பட்டியலாக. 3 பாட்டுத்தொகுப்புகள். 4 வரிசை. 5 ஃபோல்டர்கள். 6 வடிகட்டிகள். 7 அமைப்புகள். ஃபோல்டராகவே பாட்டை நினைவில் வைத்திருப்பவர் 5இலேயே வாழ்நாள் முழுக்க இருக்கலாம், டேக்கைத் தொடவே வேண்டாம்.

ஓட்டும் விசைகள் விசைப்பலகையின் கீழ்வரிசையில் இடமிருந்து வலமாக இருக்கின்றன. இசட் முந்தைய பாட்டு, எக்ஸ் ஓட்டு, சி இடைநிறுத்து, வி நிறுத்து, பி அடுத்த பாட்டு. வின்ஆம்ப் பிளேயரைப் பயன்படுத்தியவர்களின் விரல்களுக்கு இவை ஏற்கெனவே தெரியும், அதே விசைகள்தான். சாய்கோடு போட்டுத் தேடலாம், என் விசை அடுத்த பொருத்தத்துக்குக் கொண்டுபோகும். ஹெச், எல் இரண்டும் பாட்டுக்குள் ஐந்து விநாடி பின்னும் முன்னும் நகர்த்தும். விம் தெரிந்தவருக்கு எதையும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்காது.

நான் இதில் மிகவும் மதிப்பது வரிசை என்ற நான்காவது பார்வையை. ஒரு பாட்டின் மேல் நின்று ஈ விசையை அழுத்தினால் அது வரிசையில் சேரும். வரிசையில் இருப்பவை முதலில் ஓடி முடிந்து, பிறகு பிளேயர் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பும். வீட்டில் யாராவது “அந்தப் பாட்டைப் போடேன்” என்றால், ஓடிக்கொண்டிருப்பதைக் கலைக்காமல் போட்டுவிடலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பாட்டு ஃபோல்டரில் புதிதாக எதையாவது போட்டால் சிமஸ் தானாகக் கண்டுகொள்ளாது. ‘ஆட்’ கட்டளையை மறுபடி கொடுக்க வேண்டும். டேக்கை மாற்றியிருந்தால் யு விசையை அழுத்திப் புதுப்பிக்க வேண்டும். டெர்மினல் ஜன்னலை மூடினால் பாட்டும் நின்றுவிடும். இதற்கு ஒரு வழி, டிமக்ஸ் என்ற நிரலுக்குள் சிமஸை ஓட்டுவது. ஜன்னல் போனாலும் டிமக்ஸ் பின்னால் இருக்கும், பாட்டும் இருக்கும். கூடவே வரும் சிமஸ்-ரிமோட் என்ற சிறு கட்டளையை ஜன்னல் மேலாளரின் குறுக்குவிசையோடு இணைத்துவிட்டால், எந்தச் செயலியில் இருந்தாலும் பாட்டை நிறுத்தலாம், தாண்டலாம். அதைச் செய்த பிறகு சிமஸின் திரையைப் பார்க்க வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

பாட்டு ஓரிடம், கை வேறிடம்: எம்பிடி

எம்பிடி வேறு மாதிரியான கட்டமைப்பு. மியூசிக் பிளேயர் டீமன் என்பது முழுப்பெயர். 2003இல் வாரன் டியூக்ஸ் தொடங்கியது. பாட்டை ஓட்டும் நிரல் பின்னணியில் தனியாக இருக்கும், அதற்குத் திரை கிடையாது. அதைக் கட்டுப்படுத்தும் நிரல்கள் வேறு, அவை 6600 என்ற போர்ட்டில் அதனோடு பேசும். டெர்மினல், கைபேசி, இணையப் பக்கம் மூன்றிலிருந்தும் ஒரே நேரத்தில் கட்டுப்படுத்தலாம். வரவேற்பறையில் ஒரு ராஸ்பெரி பை, அதோடு ஸ்பீக்கர், பாட்டெல்லாம் அதன் வட்டில் என்று அமைத்துவிட்டு, மடிக்கணினியிலிருந்தபடி பாட்டை மாற்றுகிறவர்கள் பலர். வோலுமியோ, மூட் போன்ற ஆடியோ மென்பொருள்களுக்குள்ளும் பாட்டை ஓட்டுவது எம்பிடிதான்.

டெர்மினலில் இதற்கான முகம் என்சிஎம்பிசிபிபி. பெயர் வாயில் நுழையாது, கருவி அருமையானது. கம்போஸர் புலத்தையும் நிரப்பி வைக்கச் சொன்னதன் பயன் இங்கேதான். இதன் கட்டமைப்புக் கோப்பில், பாட்டு நூலகத்தை எந்தப் புலத்தின்படி அடுக்குவது என்று ஒரு வரி இருக்கிறது. அங்கே கம்போஸர் என்று எழுதிவிட்டால், இடப்பக்கம் இசையமைப்பாளர்கள், அடுத்து அவர்களின் படங்கள், அடுத்து பாட்டுகள் என்று மூன்று பத்தியாக விரியும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி, கே.வி. மகாதேவன், இளையராஜா என்று வரிசையாக இறங்கிப் போகலாம். திரைப்பாட்டு கேட்பவர்களில் பலர் பாட்டை நினைவில் வைத்திருக்கும் ஒழுங்கு இதுதான். ஜானர், வருடம் ஆகியவற்றின்படியும் அடுக்க முடியும். டேக் திருத்தும் வசதியும் உள்ளேயே இருக்கிறது.

எம்பிடியை அமைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள், அதனால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். டெபியன், உபுண்டு போன்றவற்றில் இதை நிறுவியதும் கணினி முழுமைக்குமான சேவையாக, எம்பிடி என்ற தனிப் பயனரின் பெயரில் அது ஓடத் தொடங்கிவிடும். அந்தப் பயனருக்கு உங்கள் வீட்டு ஃபோல்டரைப் படிக்க அனுமதி இருக்காது. உங்கள் ஒலி அமைப்போடு பேசவும் முடியாமல் போகலாம். பட்டியல் காலியாக இருப்பது, பாட்டு ஓடுவதாகத் திரை சொல்லியும் சத்தமே வராதது என்ற இரண்டு பிரச்சினைகளும் பெரும்பாலும் இதனால்தான். மேசைக் கணினியில் அந்தப் பொதுச் சேவையை நிறுத்திவிட்டு, சிஸ்டம்டியின் பயனர் சேவையாக உங்கள் பெயரிலேயே ஓட்டுங்கள். கட்டமைப்புக் கோப்பை உங்கள் வீட்டு ஃபோல்டரில், கான்ஃபிக் என்ற மறைவான ஃபோல்டருக்குள், எம்பிடி என்ற உள் ஃபோல்டரில் வையுங்கள். பாட்டு ஃபோல்டர் எது, பாட்டுத்தொகுப்புகள் எங்கே, தரவுத்தளக் கோப்பு எங்கே, ஒலி எதன் வழியாகப் போக வேண்டும் என்ற நான்கு விவரங்கள் இருந்தாலே எம்பிடி எழுந்துவிடும். தானாகப் புதுப்பிக்கும் அமைப்பையும் இயக்கிவிட்டால் புதிய பாட்டுகளைத் தானே கண்டுகொள்ளும். சிமஸில் இல்லாத வசதி இது.

இன்னொரு எச்சரிக்கை. வீட்டு நெட்வொர்க்கில் மற்றக் கணினிகளுக்கும் எம்பிடியைத் திறந்துவிடுவதானால் கடவுச்சொல் வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வைஃபையில் இணைந்த யாரும் உங்கள் ஸ்பீக்கரை இயக்கலாம்.

எம்பிசி என்ற இன்னொரு சிறு கட்டளையும் உண்டு. அதற்குத் திரையே கிடையாது. ஓட்டு, நிறுத்து, அடுத்தது, தேடு என்று ஒரு வரி எழுதினால் சில வரிகளில் பதில் வரும். திரைவாசிப்பான் வைத்துக் கணினி பயன்படுத்தும் பார்வையற்றவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். விநாடிக்கு விநாடி மாறும் முழுத்திரைப் பட்டியலைவிட, கேட்டதற்கு மட்டும் சில வரிகளில் பதில் சொல்லும் கருவி அவர்களுக்கு எளிது.

மற்றவை

மாக் என்பது பழைய, உறுதியான பிளேயர். இடப்பக்கம் ஃபோல்டர்கள், வலப்பக்கம் பாட்டுத்தொகுப்பு, டேப் விசையால் மாறலாம். ஜன்னலை மூடினாலும் பாட்டு தொடரும். நிறுவியபின் கட்டளை பெயரின் கடைசியில் ஒரு ‘பி’ சேர்த்து எழுத வேண்டும், ஏனென்றால் க்யூடி நிரல்தொகுப்பில் அதே மூன்றெழுத்துப் பெயரில் வேறொரு கருவி இருக்கிறது. டேக்கில் நம்பிக்கை இல்லாமல் ஃபோல்டர்களை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு இது பொருந்தும்.

கியூ என்ற பிளேயரில் கட்டளையோடு படத்தின் பெயரில் நாலெழுத்தைக் கொடுத்தால் போதும், பொருந்துவதைத் தேடி ஓட்டிவிடும். பட்டியலில் உலாவுவது பிடிக்காதவர் பார்க்க வேண்டியது இது. விண்டோஸில் இருப்பவர் மியூசிக்கியூபைப் பாருங்கள், அங்கே நேரடியாக ஓடும், ஆண்ட்ராய்டில் அதற்குத் துணைச் செயலியும் உண்டு. ஒரு ஃபோல்டரை மட்டும் ஓட்டினால் போதும் என்றால் எம்பிவியே போதும், பலரது கணினியில் அது ஏற்கெனவே இருக்கும். ஸ்பாட்டிஃபைக்கு என்சிஸ்பாட் இருக்கிறது. கட்டணச் சந்தா இல்லாமல் அது வேலை செய்யாது.

தமிழ் எழுத்து திரையில் வரும்போது

டெர்மினல் திரை சம அகலக் கட்டங்களால் ஆனது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். தமிழில் ‘கொ’ என்று எழுதினால் யூனிகோடில் அது இரண்டு குறியீடு, திரையிலோ ககரத்துக்கு முன்னும் பின்னுமாக உருவங்கள் வர வேண்டும். எத்தனை கட்டம் ஒதுக்குவது என்பதில் பிளேயருக்கும் டெர்மினலுக்கும் கணக்கு வேறுபட்டால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், பத்திகள் கோணலாகும். ஆகவே பிளேயரைக் குறை சொல்லும் முன் டெர்மினலைச் சோதியுங்கள். கொக்கு, நெய், தூது, கௌரி என்ற நான்கு சொற்களை எழுதிப் பாருங்கள். உருவம் உடைந்தால் கிட்டி, எம்எல்டெர்ம் போன்ற வேறு டெர்மினலில் முயலுங்கள். டிமக்ஸுக்குள் ஒரு மாதிரியும் வெளியே ஒரு மாதிரியும் தெரியக்கூடும், இரண்டையும் பாருங்கள்.

தட்டச்சிலும் ஒன்று கவனிக்க வேண்டும். தமிழ்99 விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கும்போது சிமஸில் சி விசையை அழுத்தினால் பாட்டு நிற்காது, ஏனென்றால் பிளேயருக்குப் போய்ச் சேர்வது தமிழ் எழுத்து. ஆங்கிலத்துக்கு மாறித்தான் கட்டுப்படுத்த வேண்டும். தேடலிலும் இதே கதை: டேக் எந்த எழுத்தில் இருக்கிறதோ அந்த எழுத்தில் தேடினால்தான் கிடைக்கும். படத்தின் பெயர், இசையமைப்பாளர் பெயர் இரண்டையும் ஆங்கில எழுத்தில் வைத்து, பாட்டின் தலைப்பை மட்டும் தமிழில் வையுங்கள் என்பது என் யோசனை. விரைவாகத் தேட முடியும், கண்ணுக்குத் தமிழும் தெரியும்.

ஒலி அளவு

அறுபதுகளின் பாட்டும் நேற்றைய பாட்டும் அடுத்தடுத்து ஓடினால் சத்தத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கும். இதைச் சமன் செய்ய ரீபிளேகெய்ன் என்ற முறை உண்டு. சிமஸ், எம்பிடி இரண்டிலும் இருக்கிறது. சிமஸில் தொடக்கத்தில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், ஏழாவது பார்வையில் இயக்கலாம். ஆனால் அதற்கான அளவு ஒவ்வொரு கோப்பின் டேக்கிலும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆர்எஸ்கெய்ன் என்ற கருவி அதைக் கணக்கிட்டு எழுதிவிடும். பல படங்களைக் கலந்து கேட்பவர் பாட்டுவாரியான சமன்செய்தலையும், முழுக் கச்சேரி கேட்பவர் ஆல்பம்வாரியானதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கச்சேரியில் பாட்டுவாரியாகச் சமன் செய்தால் மெல்லிய ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் ஒரே உரத்தில் வந்து, பாடியவர் நினைத்த ஏற்ற இறக்கம் கெட்டுவிடும். கச்சேரிப் பதிவுகளில் ராகம், தானம், பல்லவி மூன்றும் தனித்தனிக் கோப்பாக இருந்தால் இடையில் வெட்டு விழாமல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். சிமஸும் எம்பிடியும் இதைச் சரியாகவே செய்கின்றன.

எதை எடுப்பது

ஒரே கணினி, உங்கள் வட்டில் பாட்டு என்றால் சிமஸ். வீட்டில் ஓரிடத்தில் பாட்டு, பல இடத்திலிருந்து கட்டுப்பாடு என்றால் எம்பிடி. இசையமைப்பாளர், படம், பாட்டு என்று மூன்று பத்தியாகத்தான் பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருப்பவருக்கும் எம்பிடியும் என்சிஎம்பிசிபிபியும்தான். இரண்டு வாரம் ஒரே பிளேயரில் இருந்து பழகுங்கள். அதற்குள் விசைகள் விரலில் ஏறாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். பிளேயருக்கு முன் டேக்கைச் சரிசெய்துவிடுங்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

இவை கட்டற்ற மென்பொருள்கள். பலவற்றைத் தன்னார்வலர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் பராமரிக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தமிழ் எழுத்து திரையில் உடைவது தெரியக்கூட வாய்ப்பில்லை. உங்கள் பிளேயரில் தமிழ்த் தலைப்பு பிசகினால் ஒரு திரைப்பிடிப்பு எடுத்து, அந்தக் கோப்பின் பெயரையும் டெர்மினலின் பெயரையும் பதிப்பு எண்ணையும் சேர்த்து, அந்தத் திட்டத்தின் வழுப் பட்டியலில் பதிந்துவிடுங்கள்.